கழலாத வளையல்

கோலாலம்பூர் கண்காட்சிக் கூடத்தில் குளிர்சாதனம் இரைகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள், மஞ்சள் விளக்கின் கீழ், உதட்டளவே உள்ள ஒரு தங்கத் தகடு கிடக்கிறது. "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்ன செத்தவங்க வாய்மேல இத வச்சுத்தான் புதைச்சாங்க. தங்கம் கறுக்காது, போற உயிருக்கும் அழிவில்லன்னு நம்பிக்கை," என்கிறார் வழிகாட்டி விமலன். "எத்தனை பவுன் தேறும் அண்ணே?" என்கிறாள் கிள்ளானிலிருந்து தங்கையோடு வந்திருக்கும் புஷ்பவல்லி. காலையிலிருந்து எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். விமலன் பெருமூச்சு விட்டு அடுத்த பெட்டிக்கு நகர்கிறார். தங்கை புனிதா நகரவில்லை. "பாருக்கா, இவங்க செத்தவங்களுக்குத் தங்கம் போட்டு அனுப்பியிருக்காங்க. நீ செத்துக் கிடந்த அம்மா கையில சோப்பு போட்டு வளையல உருவுன." புஷ்பவல்லி சீறுகிறாள். "எரிக்கிறப்ப கழட்டத்தான் வேணும் லா. எல்லாரும் செய்றதுதானே!" "கழட்டி உன் கையிலயே போட்டுக்குவியா?" என்கிறாள் புனிதா. "இந்தா, நீயே வச்சுக்க!" என்று புஷ்பவல்லி அம்மாவின் வளையலைப் பிடித்து இழுக்கிறாள். அது கட்டைவிரல் முட்டியில் சிக்கி நிற்கிறது. மறுபடி இழுக்கிறாள், தோல் சுருங்கிக் கன்றிப்போகிறது, முழங்கை கண்ணாடியில் இடிக்கிறது. உள்ளே தகடு அசையாமல் மின்னுகிறது. புனிதா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "சோப்பு வேணுமாக்கா?"