இருபத்து நாலில் ஒரு பங்குக் கீறல்

"மூணு மாசமா பொம்மைக் காரோட குடித்தனம் நடத்துற மனுஷன்கிட்ட நியாயம் கேட்க முடியுமா சார்? அதான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றாள் மருந்துக்கடைக்காரம்மா.

சார் என்பவர் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். மனுஷன் என்பவர் அவள் கணவர். பிழைப்புக்குப் பல்செட் செய்கிறார். உயிர்வாழ்வதற்குப் பிளாஸ்டிக் கார் செய்கிறார். சாப்பாட்டு மேஜையில் பாதியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டி, இடுக்கியால் எதையோ நிமிண்டிக்கொண்டிருந்தார்.

வழக்கு இதுதான். மூன்று மாதத்துக்கு முன் இவர்களுடைய சிவப்புக் காரின் பின் கதவில் ஒரு முழத்துக்குக் கீறல். பக்கத்தில் நிற்பது எதிர்வீட்டு பேக்கரிக்காரரின் வேன். வேன் வெள்ளை. கீறலும் வெள்ளை. வேறென்ன சாட்சி வேண்டும்?

"சத்தியமா நான் உரசல மேடம்" என்றார் பேக்கரிக்காரர், வாசலிலேயே நின்றபடி.

"உரசாமலே கீறல் முளைச்சுதா? இனிமே இவருக்குக் கீழே இடமே கிடையாதுன்னு எழுதுங்க சார். தெருவில நிறுத்தட்டும்."

"தெருவுல எங்க மேடம் இடம்? ரெண்டு தெரு தள்ளித்தான் கிடைக்கும். கேக் எல்லாம் வீட்டுலதான் செய்றோம். மூணடுக்கு கேக்கைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் நடந்தா, போய்ச் சேர்றப்ப ஒரு அடுக்குதான் மிஞ்சும். பொழைப்பே போயிடும்."

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பை எழுத ஆரம்பித்தார். கீழே போய்க் கீறலை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!" கணவரை அதட்டினாள். "எப்ப கேட்டாலும் 'இது முடியட்டும்மா'ங்கறார் சார். போன வாரம் பூரா சீட் பெல்ட்டுக்குக் கொக்கி செஞ்சார். எதுக்கு? கொசு வந்து உட்கார்ந்தா மாட்டிக்கறதுக்கா?"

"முடிஞ்சிடுச்சு" என்றார் கணவர்.

உள்ளங்கையில் காரைத் தூக்கிக் காட்டினார். அவர்களுடைய அதே சிவப்புக் கார். இருபத்து நாலில் ஒரு பங்கு அளவு. நம்பர் பிளேட், வைப்பர், பின்கண்ணாடி ஓரம் கிடக்கும் டிஷ்யூ டப்பா, எல்லாம் அப்படியே.

செயலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அட! நம்ம சங்கத்து ஸ்டிக்கர்! என் கையெழுத்துகூட இருக்கே!"

"தண்ணில ஊறவெச்சு, வழுக்கிவிட்டு ஒட்டணும் சார். ரெண்டு கிழிஞ்சு போச்சு, மூணாவதுதான் நின்னுது."

"கீறலையும் விடல போலிருக்கு?"

"இருக்கறதைத்தானே சார் போடணும்."

செயலாளர் பூதக்கண்ணாடியை வாங்கிக் கதவருகே வைத்தார். "கீறல்ல ஏதோ பச்சையா ஒட்டியிருக்கே? கீழ வண்டியில அப்படி ஒண்ணும் இல்லையே. கை தவறிப் பட்டுடுச்சா?"

கணவரைக் கோழை என்று சொல்லலாம், கையாலாகாதவர் என்று சொல்லலாம், மனைவி தினமும் சொல்கிறாள். கை தவறியது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

"கை தவறியா? கீறல் விழுந்த மறுநாள் விடிஞ்சதுமே அறுபது போட்டோ எடுத்து வெச்சிருக்கேன் சார்! அந்தப் பச்சையைக் கலக்க மட்டும் நாலு நாள் ஆச்சு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்" என்ற செயலாளரின் கண்கள் விரிந்தன. "இது என் பச்சை! பார்க்கிங் தூணுக்கு நான் தேடிப் பிடிச்ச பச்சை! இதை உலகத்துல வேற யாரும் வாங்க மாட்டாங்கன்னு பெயின்ட் கடைக்காரரே சொன்னாரு."

"அப்ப வண்டி தூண்லதான் உரசியிருக்கு" என்றார் பேக்கரிக்காரர், முதல்முறையாக ஒரு அடி உள்ளே வந்து.

"உரசினதும் இல்லாம, பச்சையைத் துடைச்சும் விட்டிருக்காங்க. யாரு செஞ்ச வேலை இது?" என்றார் செயலாளர்.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மனைவி கணவரைப் பார்த்தாள். கணவர் காரைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார். "வண்டியைத் திருப்பறப்ப உரசிட்டேன். பயந்துபோய் பெயின்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைச்சேன். பாவம், இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அடப்பாவி மனுஷா!" அவள் எழுந்தே விட்டாள். "செய்றதையும் செஞ்சிட்டு, ஊமை மாதிரி உட்கார்ந்து பொம்மைக்குச் சக்கரம் மாட்டிக்கிட்டிருந்தீங்களா? இந்த நல்ல மனுஷனை என் வாயால எத்தனை பேச்சுப் பேச வெச்சீங்க! வெக்கமா இல்ல?"

செயலாளர் தீர்ப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, கணவரிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார். பழக்க தோஷம், அவர் எழுத்து அத்தனை பொடியாக இருந்தது. அதைப் படிக்கவும் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

பேக்கரிக்காரருக்கு இடம் பிழைத்த சந்தோஷம். "விடுங்க சார். இனிமேலாவது திருப்பறப்ப கண்ணாடியைப் பார்த்து ஓட்டுங்க."

"நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க" என்றாள் அவள்.

இருவரும் போனார்கள். கதவைத் தாழிட்டுவிட்டு வந்தவளுக்குக் கணவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேஜையில் சிதறியிருந்த பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கினாள்.

"ரொம்பத் திட்டிட்டேனா?"

"சேச்சே, பிரமாதமா இருந்துச்சு. ஒரு கட்டத்துல நானே நம்பிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

"செயலாளர் லைசென்ஸைக் காட்டச் சொல்லியிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க? உங்களுக்குத்தான் கார் ஓட்டவே தெரியாதே!"