வெட்டு

ஸ்டெம் செல் விஞ்ஞானி ஆய்வகத்தை விட்டு வெளியே வந்ததும், வாசலில் நின்றிருந்த ஆள் இரும்புக் கம்பியால் அவள் தோளில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்தது. அழைத்துப்போக வந்திருந்த அவள் கணவன் பாய்ந்து, அவனைக் கீழே தள்ளிக் கழுத்தை நெரித்தான்.

“டிவியில இவங்க பேச்சைக் கேட்டுத்தான் என் பொண்ணுக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டேன். இருந்த கொஞ்சப் பார்வையும் போச்சு,” என்று அடித்தவன் திணறினான்.

“ஒருநாள் பார்வை வரும்னு சொன்னேன். இப்போ ஆராய்ச்சிதான் நடக்குது, யார் கூப்பிட்டாலும் ஊசி போட்டுக்காதீங்கன்னும் சொன்னேனே,” என்று அவள் முனகினாள்.

“அப்படி ஒரு வார்த்தை அதுல இல்லம்மா.”

அவள் கணவனைப் பார்த்தாள். அந்த நிகழ்ச்சியை எடிட் செய்தவன் அவன்தான்.

கழுத்தைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன.

“நேரம் பத்தலை. அந்த வரியை மட்டும் வெட்டிட்டேன்,” என்றான்.