கறுப்புத் துணிக்குள்ளிருந்து

பழைய சாமான் கடையின் மேசையில் அந்தப் பெரிய மரக் கேமராவைத் தெருவிலிருந்தே பார்த்தவள், கோபத்தோடு உள்ளே நுழைந்தாள்.

"விரிச்சுப் பாருங்க, லென்ஸுக்குப் பின்னால இருக்கிற தோல் துருத்தியில மூணாவது மடிப்புல ஓட்டை இருக்கும்."

கடைக்காரர் விரித்தார். ஓட்டை இருந்தது; மேலே கறுப்பு டேப்பும் இருந்தது.

"பின்கண்ணாடியில ஒரு மூலை உடைஞ்சிருக்கும். இந்தத் திருகு பாதியில சிக்கும்."

அதுவும் சரியாக இருக்கவே, கடைக்காரருக்கும் எரிச்சல் வந்தது.

"வாங்க வந்தீங்களா, குத்தம் சொல்ல வந்தீங்களா? வித்தவரு ஒரு குறையும் சொல்லலையே. வீட்ல சும்மா இடத்த அடைக்குதுன்னாரு. ஸ்டாண்டை எடுத்துட்டு வரப் போயிருக்காரு."

"வரட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவை வாசல் பக்கம் திருப்பினாள். லென்ஸைத் திறந்து, கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டாள். இந்த மாதிரிக் கேமராவில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். சிக்கிய திருகை ஒரு தட்டுத் தட்டித் திருப்பியதும் பின்கண்ணாடியில் வாசல் துல்லியமானது.

தோளில் ஸ்டாண்டோடு, விசிலடித்தபடி, தலைகீழாக உள்ளே வந்தார் அவள் கணவர்.

"அப்படியே அசையாம நில்லுங்க," என்றாள் துணிக்குள்ளிருந்து. "என் கேமராவ வித்தவர் மூஞ்சி இதுல எப்படித் தெரியுதுன்னு பார்க்கணும்."

விசில் நின்றுபோனது.