முன்கதை தேவையில்லை

"யாருய்யா இங்க ஆசிரியர்?"

வந்தவர் காமிக்ஸ் இதழை மேஜைமேல் வீசினார். 'புது வாசகர் சிறப்பிதழ்! முன்கதை தெரியாதவர்களுக்கும் புரியும்!' என்றது அட்டை.

"நான்தான். உக்காருங்க சார். எங்க விண்வெளிக் கதைகளை இப்பதான் முதல் தடவையாப் படிக்கிறீங்களா?"

"ஆமா. ஏதோ ஆபீஸுக்குப் போற என் பொண்டாட்டி, 'இதையாவது படிங்க'ன்னு கையில திணிச்சா. படிச்சதும் பத்திக்கிட்டு வருது! ஏழு கிரகத்தை ஆளுற சக்ரவர்த்தி, பக்கத்துல இருக்கிற தண்ணியை எடுத்துக் குடிக்க மாட்டானாம். ரோபோ ஓடி வரணுமாம். கால் தேயுதுன்னு அது சொன்னா, 'அப்படி என்ன வெட்டி முறிச்சே?'ன்னு கேப்பானாம்!"

"எல்லாருக்கும் பிடிச்ச வில்லன் சார்."

"உலகத்துல எவன்யா இப்படி இருக்கான்? ஆம்பளைங்களைக் கேவலப்படுத்தணும்னே எழுதியிருக்கான். இதை எழுதி அப்படி என்னத்தை வெட்டி முறிச்சுட்டான்? கூப்பிடுங்க அவனை!"

கத்தியதில் தொண்டை வறண்டது. "தண்ணி!" என்றார்.

அவர் முழங்கையை ஒட்டியே இருந்த தண்ணீர் பாட்டிலை ஆசிரியர் பார்த்தார். அவரையும் பார்த்தார். உள் அறைப் பக்கம் திரும்பினார்.

"மேடம், உங்க சக்ரவர்த்தி வந்திருக்கார்!"

பேனாவும் கையுமாக வந்த எழுத்தாளரைப் பார்த்து அவர் வாயைப் பிளந்தார். "நீயா?"

மனைவி பாட்டிலைத் தொடவில்லை.

"இத்தனை வருஷமா வாயால சொன்னேன், ஏறல. படம் போட்டதும் புரிஞ்சிடுச்சாக்கும்?"