புது ஆள்

"படுத்த படுக்கையா இருக்கிறவங்களை இதுக்கு முன்னாடி பார்த்துக்கிட்ட அனுபவம் இருக்கா?"

"இல்லை" என்றார் வந்தவர்.

ஏழு வருடங்களாக ஒற்றை ஆளாக அப்பாவைப் பார்த்துக்கொண்டவள், இன்று தன்னுடைய ஆபரேஷனுக்காகப் பத்து நாள் விட்டுவிட்டுப் போகிறாள். வாசலில் டாக்ஸி நின்றது.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லன்னா முதுகு புண்ணாயிடும். சோத்தை நல்லா மசிச்சு, உக்கார வெச்சு ஊட்டணும். சில நேரம் ஆள் அடையாளம் தெரியாம கையைக் கடிப்பாரு. கோவப்படக் கூடாது."

"சரி."

"டயப்பர் மாத்தும்போது முகத்தைச் சுளிச்சா அவருக்குத் தெரிஞ்சிடும்."

வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் யாருன்னு கேட்டா?"

"புது ஆளுன்னு சொல்லுங்க."

"நான்தாம்ப்பா உங்க பையன்னு சொல்லக் கூடாதா?"

அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணா, நம்ப மாட்டாரு. 'உங்க பையன் அடுத்த வாரம் வந்துடுவான்'னு சொன்னாத்தான் சோத்துக்கே வாயைத் திறப்பாரு. ஏழு வருஷமா அதைச் சொல்லித்தான் ஊட்டறேன். நீங்களும் அதையே சொல்லி ஊட்டுங்க."