பாலத்தில் நிற்பவர்

ஜெசிந்தா கொண்டுவந்த பழைய கிராபிக்ஸ் கார்டை மேசையில் வைத்து, மற்ற பாகங்களை ஒவ்வொன்றாக அதன் அருகே நகர்த்தினார் கணினிக் கடைக்காரர் ஞானசேகர். ஒத்துப்போகும் பாகங்கள் பச்சையாக மின்னின. அவள் தேர்ந்தெடுத்த பிராசசர் மட்டும் மஞ்சளாக மின்னியது.

"இது ரொம்ப மெதுவா ஓடும்க்கா. ஆட்டம் திக்கித் திக்கித்தான் போகும். வேகமானதா ஒண்ணு தர்றேன்."

"வேண்டாம் தம்பி. இதையே போடுங்க."

கார்டு அவள் கணவர் அமல்தாஸுடையது. விளையாடுபவரின் கைப்பழக்கத்தைக் கற்றுக்கொண்டு, அவர் இல்லாதபோது அவராகவே ஆடும் ரகம். அவர் இறந்தபின் மகன் அதை ஒரு புதுக் கணினியில் பொருத்திக் கொடுத்தான். அதில், இருவரும் வழக்கமாகச் சேர்ந்து ஆடும் கணினி ஆட்டம் பறந்தது. அமல்தாஸும் அவளும் ஒரே மூச்சில் காட்டைக் கடந்து, கோட்டையைப் பிடித்தார்கள். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றே அவள் அதை அணைத்துவிட்டாள்.

இன்று அந்த மெதுவான பிராசசர் போட்ட கணினியோடு வீட்டுக்கு வந்ததும் ஆட்டத்தைத் தொடங்கினாள். அமல்தாஸ் வழக்கம்போல் முன்னே ஓடினார். மரப்பாலத்தை நெருங்கும்போது அவளுடைய உருவம் திக்கித் தடுமாறிப் பின்தங்கியது, அவர் இருந்த நாட்களில் அவளுடைய பழைய ஓட்டைக் கணினியில் நடந்ததைப் போலவே.

பாலத்தின் நடுவில் அவர் நின்றார். திரும்பி, அவளுக்கு வழி தெரியட்டும் என்று விளக்கை உயர்த்திப் பிடித்தார்.

அவள் போய்ச் சேரும்வரை அப்படியேதான் நிற்பார்.

ஜெசிந்தா கீபோர்டிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.