மடலேனாவின் மகள்

கிழக்குத் திமோரின் மலைத் தோட்டங்களில் காபிக்கொட்டை வாங்க, ஜகார்த்தாவிலிருந்து வருஷா வருஷம் வருவாள் ஹெர்லினா. சிறு தோட்டக்காரர்களை மட்டுமே தேடிப் போவாள். போன இடத்தில் விலையை விட்டுவிட்டுக் குடும்பக் கதை கேட்பாள்.

இந்த முறை மடலேனா என்ற வயதான விதவையின் தோட்டம்.

"தனியாவாம்மா பாத்துக்கிறீங்க?"

"போன வருஷம் வரைக்கும் தனிதான். சண்டைக் காலத்துல என் மக ஒலிந்தாவ உங்க ஊர்ச் சிப்பாய் ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டான். அப்போ நாலு வயசு. இப்பதான் திரும்பி வந்திருக்கா. நானும் ராத்திரியில தூங்குறேன்."

அடுப்படியிலிருந்து வந்த பெண், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை வைத்துவிட்டு, மடலேனாவின் தோளில் நழுவிய சால்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

ஹெர்லினா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவதான்னு எப்படித் தெரிஞ்சுதும்மா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா, கண்ணு?"

ஹெர்லினா மெல்லத் தலையாட்டினாள். இருந்த கொட்டை முழுவதையும் கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

"அடுத்து எந்தத் தோட்டம், அக்கா?" என்றான் டிரைவர்.

"போதும். ஏர்போர்ட்டுக்கு விடு. இனிமே நான் வர மாட்டேன்."

ஹெர்லினா என்பது, தூக்கிக்கொண்டு போன சிப்பாய் அவளுக்கு வைத்த பெயர். அதற்கு முன்பு அவள் ஒலிந்தா.